மனம் மாறும் வாக்காளரின் பக்கம் நின்று



அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலைப் பற்றி இந்தக் கலிபோர்னியாத் தமிழ்ச் சங்க மேடையில் பேசச் சொல்லி அழைத்தீர்கள். நான் எந்தக் கட்சிக்கும் ஆதரவு கேட்டு வரவில்லை. போன மாதம் ஒருவரை ஆதரித்துவிட்டு இந்த மாதம் இன்னொருவரை ஆதரிக்கிறாரே ஒரு வாக்காளர், அவருக்காக வாதாட வந்திருக்கிறேன்.

அவரை என்னவெல்லாம் பேசுகிறோம்! நிலையில்லாதவர், கொள்கைப் பிடிப்பு இல்லாதவர், ஜெயிக்கிற பக்கம் ஒட்டிக்கொள்கிறவர். தொலைக்காட்சியிலும் இந்தப் பேச்சுதான், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இந்தப் பேச்சுதான். "போன மாசம் வாரன்தான் வரணும்னு சொன்னே, இப்ப பைடன்ங்கிறியே?" என்று 2020 ஜனநாயகக் கட்சிப் போட்டியின்போது ஒரு வீட்டில் மனைவியிடம் கணவர் கேட்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த அம்மையார் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்பதுதான் என் வாதம்.

நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் வேறு. அங்கே நிற்பவை இரண்டு எதிரெதிர்க் கட்சிகள். பிரைமரியில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள். ஜனநாயகக் கட்சியை எடுத்துக்கொண்டால், எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்கவேண்டும் என்பதில் அவர்களுக்குள் சண்டை கிடையாது. எப்படிக் கொடுப்பது, எவ்வளவு வேகமாகக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. அதனால் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போவது எதிரி முகாமுக்குப் போவதாகாது. அதிலும் இந்தத் தேர்தல் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. குளிர்காலத்தில் தொடங்கி ஜூன் வரைக்கும் மாநிலம் மாநிலமாக நடக்கிறது. ஒவ்வொரு மாநிலத்தின் முடிவும் அடுத்த மாநிலத்துக்காரருக்கு ஒரு தகவல். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், முதலில் வாயில் வந்த பெயரையே கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பதை உறுதி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1968 மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பதவியில் இருந்த அதிபர் ஜான்சனை எதிர்த்து யூஜின் மெக்கார்த்தி 42 சதவீத வாக்கு வாங்கினார். வியட்நாம் போரை எதிர்த்துக் களத்தில் இறங்கியவர் அவர். அந்த மாதம் முடிவதற்குள் ஜான்சன் தான் மறுபடியும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அதற்குள் ராபர்ட் கென்னடியும் களத்துக்கு வந்திருந்தார், அவர் ஜூன் மாதம் கலிபோர்னியாவில் வென்ற இரவிலேயே சுடப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாடு. தெருவில் போலீஸ் தடியடி நடந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஹூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளர் ஆக்குகிறார்கள். அவர் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிட்டவர் இல்லை! அந்த அவமானத்துக்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பிரைமரி வாக்காளரின் கைக்கு வந்தது.

வாக்காளர் மனம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கவேண்டுமென்றால் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி 2020 வரை நடத்திய காக்கஸ் என்ற ஊர்க்கூட்டத்தைத்தான் பார்த்திருக்கவேண்டும். 2020 பிப்ரவரி மாதக் குளிர். இரவு 7 மணி. ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கம். கனத்த கோட்டும் பூட்ஸுமாக ஊர்க்காரர்கள் வந்து சேர்கிறார்கள். அங்கே ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. சாண்டர்ஸை ஆதரிப்பவர்கள் ஒரு மூலைக்கு, பைடன்காரர்கள் இன்னொரு மூலைக்கு, குளோபுச்சார்காரர்கள் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே என்று போய் நிற்கவேண்டும். பிறகு தலை எண்ணுவார்கள். வந்தவர்களில் 15 சதவீதம் பேராவது ஒரு மூலையில் இருந்தால்தான் அந்த வேட்பாளருக்குக் கணக்கு. 100 பேர் வந்த கூட்டத்தில் ஒருவருக்கு 12 பேர்தான் என்றால் அந்த 12 பேரும் இப்போது முடிவெடுக்கவேண்டும். இன்னொரு மூலைக்கு நடந்து போகலாம், வேறு சிறிய குழுவோடு சேரலாம், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகலாம். அந்த நேரத்தில் அவர்களிடம் வந்து பேசுகிறவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் ஆசிரியை, பல் டாக்டர். "உங்களுக்கு விவசாயக் கடன் பிரச்சினைதானே முக்கியம்? இவர் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் யோசிக்கிறார், தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த மரத்தரையைக் கடந்து அடுத்த மூலைக்கு நடக்கிறார். ஜனநாயகத்தில் நான் மதிக்கும் நடை அது.

அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரி போன்றவர்கள் வருவது கடினமாக இருந்தது. 2020ல் முடிவுகளைத் தெரிவிக்க வைத்திருந்த செயலி பழுதாகி, யார் முன்னிலை என்று நாட்கணக்கில் தெரியாமல் போனது. ஜனநாயகக் கட்சி 2024ல் அயோவாவிடமிருந்து முதலிடத்தை எடுத்துக்கொண்டது நியாயமான முடிவுதான். ஆனாலும் "உங்கள் முதல் விருப்பம் நிற்கவில்லை, அடுத்தது யார்?" என்று வாக்காளரை மரியாதையோடு கேட்டார்களே, அந்தக் கேள்வியை இழந்துவிடக்கூடாது.

மனம் மாறுவதில் ஒரு வகையைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை உண்டு. 2007ல் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் நிறையப் பேர் ஹிலரி கிளிண்டன் பக்கம் இருந்தார்கள். பராக் ஒபாமாவை அவர்களுக்குப் பிடிக்காமல் இல்லை. வெள்ளைக்காரர்கள் இவருக்கு வாக்குப் போடவே மாட்டார்கள், நம் வாக்கு வீணாகிவிடும் என்ற பயம். தலைமுறை தலைமுறையாகப் பட்ட அடியிலிருந்து வந்த பயம் அது, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2008 ஜனவரி 3 அன்று, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களான அயோவா, ஒபாமாவை முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. பயம் கலைந்தது. ஜனவரி 26 அன்று தென் கரோலினாவில் ஒபாமாவுக்கு 55 சதவீதம், கிளிண்டனுக்கு 27. கறுப்பின வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு ஒபாமாவிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். தன் மனதுக்குப் பிடித்தவரை, அடுத்தவர் என்ன செய்வாரோ என்று அஞ்சிக் கைவிடுவது ஒன்று. தெரிந்துகொண்டு மாறுவது இன்னொன்று. முதலாவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

இப்போது 2020க்கு வருகிறேன். அயோவாவில் பைடன் நான்காம் இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம், 8 சதவீத வாக்கு. நெவாடாவில் சாண்டர்ஸ் பெருவெற்றி, பைடன் வெகுதூரம் பின்தங்கி இரண்டாவது. அவர் கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகை குறைவு. அந்தச் சமயத்தில் தென் கரோலினாவின் மூத்த காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன், தன் கணக்கர் ஒருவரின் இறுதிச் சடங்குக்காக ஒரு தேவாலயத்துக்குப் போயிருந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள், சத்தமாகச் சொல்ல விருப்பமில்லையென்றால் குனிந்து என் காதில் சொல்லுங்கள் என்றார். கிளைபர்ன் குனிந்து பைடன் பெயரைச் சொன்னார். எனக்கு இது தெரியவேண்டியிருந்தது, இந்த ஊர் ஜனங்களும் இதை உங்கள் வாயால் கேட்கவேண்டும் என்று அந்த அம்மையார் பதில் சொன்னார். கிளைபர்னே இதைப் பிறகு வெளியில் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி 26 அன்று அவர் பைடனுக்கு வெளிப்படையாக ஆதரவு அறிவித்தார். 29ஆம் தேதி அந்த மாநிலத்தில் பைடன் கிட்டத்தட்ட 49 சதவீதத்தோடு வென்றார்.

மார்ச் 1 அன்று பீட் புட்டிஜஜ் விலகினார். மார்ச் 2 அன்று ஏமி குளோபுச்சார் விலகினார். இருவரும் பைடனை ஆதரித்தார்கள். மார்ச் 3 சூப்பர் செவ்வாய், 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு, பத்தில் பைடன் வெற்றி. குளோபுச்சாரின் மினசோட்டா அவருக்கு. எலிசபெத் வாரனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸும் அவருக்கு, வாரன் அங்கே மூன்றாம் இடம். தன் சொந்தப் பணம் 50 கோடி டாலருக்கு மேல் கொட்டிய மைக்கேல் புளூம்பெர்க் அன்றைக்கு ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற சின்னத் தீவுப்பகுதியில் மட்டும். மனமாற்றத்தைப் பணம் கொடுத்து வாங்கமுடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சாண்டர்ஸ் ஆதரவாளர்களுக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. கட்சிப் பெரியவர்கள் கூடிப் பேசிப் போட்டியை முடித்துவிட்டார்கள் என்கிறார்கள். தலைவர்கள் விலகியது தலைவர்களின் முடிவு, அதில் கணக்கும் இருந்திருக்கும். ஆனால் விலகிய தலைவர் தன் ஆதரவாளர்களை மூட்டை கட்டி அடுத்தவர் வீட்டில் இறக்கிவிட முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்துத்தான் போனார்கள். இன்னொன்றும் கேளுங்கள். பைடன் மிதவாதி, சாண்டர்ஸ் இடதுசாரி, அவரவர் கூட்டம் வேறு வேறு என்று விமர்சகர்கள் கோடு கிழித்து வைத்திருந்தார்கள். 2019ல் வந்த கருத்துக்கணிப்புகள் சிலவற்றைப் பாருங்கள். பைடன் ஆதரவாளர்களிடம் அடுத்த விருப்பம் யார் என்று கேட்டால் மிகுதியாக வந்த பெயர் சாண்டர்ஸ். சாண்டர்ஸ் ஆதரவாளர்களிடம் கேட்டால் மிகுதியாக வந்த பெயர் பைடன்! வாக்காளர் பார்த்தது வேறு எதையோ. இவர் தொழிலாளி பக்கம் நிற்பாரா, இவரை நமக்கு எத்தனை காலமாகத் தெரியும், நவம்பரில் ஜெயிப்பாரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள்.

மாற வழியில்லாமல் போனால் என்ன ஆகும்? 2016ல் குடியரசுக் கட்சியில் 17 பேர் போட்டிக்கு வந்தார்கள். தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கு. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு இருந்த 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். மற்ற மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் ருபியோ, குரூஸ், புஷ், கேசிக் என்று பிரிந்து கிடந்தார்கள். டிரம்ப் வந்தது சரியா தவறா என்பதை இந்த மேடையில் நான் பேசவில்லை. பெரும்பான்மையின் இரண்டாவது விருப்பத்தை யாருமே கேட்கவில்லை என்பதைச் சொல்கிறேன். 2020ல் அலாஸ்கா, ஹவாய், கேன்சஸ், வயோமிங் ஆகிய மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் வாக்காளர்கள் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களித்தார்கள். அது எல்லா மாநிலங்களுக்கும் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் நம் கலிபோர்னியாவிலேயே ஒரு பெரிய இழப்பு நடந்தது. 2020 பிரைமரியில் இங்கே பெரும்பாலோர் தபாலில் வாக்களித்தவர்கள். வாக்குச்சீட்டு பிப்ரவரித் தொடக்கத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. நிறையப் பேர் உடனே நிரப்பி அனுப்பிவிட்டார்கள். மார்ச் 3 அன்று எண்ணிப் பார்த்தால், களத்திலேயே இல்லாத புட்டிஜஜுக்கும் குளோபுச்சாருக்கும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கு மேல் வாக்குகள்! அனுப்பிய சீட்டைத் திரும்ப வாங்க வழி கிடையாது. அந்த மக்களுக்கு அடுத்த விருப்பம் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அதைச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. ஷியாமளா கோபாலன் தன் 19ஆம் வயதில் தனியாக பெர்க்லிக்குப் படிக்க வந்தார். அவருடைய மகள் கமலா ஹாரிஸ் 2019 ஜனவரியில் ஓக்லாந்தில் தன் பிரசாரத்தைத் தொடங்கியபோது 20,000 பேருக்கு மேல் கூடினார்கள். ஜூன் மாத விவாதத்துக்குப் பிறகு ஆதரவு கிடுகிடுவென்று ஏறியது, இலையுதிர்காலத்துக்குள் வடிந்துவிட்டது, டிசம்பர் 3 அன்று விலகினார். ஒரு மாநிலம்கூட வாக்களித்திருக்கவில்லை. 2024 ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகியதும், பைடனுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கமலாவை வேட்பாளர் ஆக்கினார்கள். மறுபடியும் பிரைமரி வாக்காளரின் தீர்ப்பை அவர் சந்திக்கவில்லை. அவருடைய தாய்வழிப் பூர்விக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காக அர்ச்சனை செய்தார்கள், நாமும் நெகிழ்ந்தோம். ஆனாலும் சொல்கிறேன். தோற்று, மீண்டு, சந்தேகப்பட்டவர்களைத் தன் பக்கம் இழுத்து வருகிற அந்த நீண்ட பரீட்சை அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. 107 நாட்களில் அதை ஈடுகட்ட யாராலும் முடியாது. அது அவர் குற்றம் ஆகாது. வாக்காளரைக் கேட்காமல் வேட்பாளரை நிறுத்தினால் வேட்பாளருக்கும் நட்டம்தான்.

2028ல் பதவியில் இருக்கும் அதிபர் மறுபடி நிற்க அரசியல் சட்டம் இடம் தராது. இரண்டு கட்சிகளிலும் போட்டி திறந்து கிடக்கும். நம்மில் குடியுரிமை பெற்றவர்கள் எத்தனையோ பேர் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிந்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களால் இங்கே 2020லும் 2024லும் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களிக்க முடிந்தது, அதற்கான சீட்டைக் கேட்டு வாங்கினால் மட்டும். குடியரசுக் கட்சி பிரைமரியில் அந்தக் கட்சியில் பதிந்தவர்களால்தான் வாக்களிக்க முடிந்தது. சுயேச்சை என்று நினைத்து அமெரிக்கன் இண்டிபெண்டண்ட் கட்சியில் பதிந்துவிட்டவர்களும் நம்மில் இருக்கலாம், அது தனியாக ஒரு கட்சி.

ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பதிவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வாக்குச்சீட்டு தபாலில் வந்தால் விண்ணப்பத்தை நிரப்புவதுபோல் அன்றைக்கே நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். முடிவு உறுதியாக இருந்தால் அனுப்புங்கள். களம் மாறிக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள், தேர்தல் நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் அது செல்லும். உங்கள் வீட்டில் யாராவது "நான் மனசை மாத்திக்கிட்டேன்" என்று சொன்னால் சிரிக்காமல், ஏன் என்று கேளுங்கள். வாசலில் நம் சங்கத்துப் பிள்ளைகள் பதிவுப் படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பதியாதவர்கள் அவர்களைப் பார்க்காமல் போகாதீர்கள்.