பனிக்கடலில் ஓர் இருட்டறை

1915ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 27ஆந் திகதி இரவு. தென்துருவப் பகுதியிலுள்ள வெடல் கடலில், ‘எண்டியூரன்ஸ்’ என்னுங் கப்பல் ஏழு மாதங்களாகப் பனிக்கட்டியின் பிடியிற் சிக்கி நின்றது. சேர் ஏர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையில் அதிற் சென்றோர் 28 பேர். அவர்களுள் ஒளிப்படம் பிடிப்பவர் பிராங்க் ஹேர்லி என்னும் அவுஸ்திரேலியர். இருளில் நிற்கும் அக்கப்பலைப் படமெடுக்க அவர் அன்றிரவு துணிந்தார்.

அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஒளியை உணரும் ஆற்றல் குறைந்தவை. விண்மீன் வெளிச்சம் அவற்றுக்குப் போதாது. ஆகவே ஹேர்லி, கப்பலைச் சூழ்ந்த பனிமேடுகளின் மறைவிலிருந்து ஏறத்தாழ 20 முறை ஒளிப்பொடியைப் பற்றவைத்தார். அடுத்தடுத்து எழுந்த வெளிச்சத்தாற் கண் கூசித் திசை தவறினார், பனிக்குவியல்களில் இடறினார். படத்திலோ, உறைபனி பூத்த பாய்மரங்களும் கயிறுகளும் கரிய வானத்தின் முன்னே வெள்ளெலும்புக்கூடு போல நின்றன.

ஒளிபட்ட தகட்டைப் பார்த்தால் ஒன்றுந் தெரியாது. வெள்ளி உப்பினுள்ளே உருவம் மறைந்து கிடக்கும். இருட்டறையில், உருத்துலக்கும் மருந்துநீரில் இட்டபின்னரே அது கருமையாய் வெளிப்படும். எஞ்சிய உப்பை ‘ஹைப்போ’ கரைசலால் நீக்கி, பின்னர் நல்ல நீரில் நெடுநேரம் கழுவவேண்டும். கழுவுவதிற் குறை வைத்தால் நாளடைவிற் படம் கெட்டுவிடும். வெப்ப நாட்டிலே இத்தொழில் செய்வோர், மருந்து சூடேறித் தகட்டின் பசை இளகிவிடுமே என்று அஞ்சுவர். ஹேர்லிக்கு வாய்த்ததோ நேர்மாறான தொல்லை. இயந்திர அறைக்கு அண்மையிலிருந்தும், அவரது இருட்டறையின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றே மேலாக இருந்தது. குளிரில் மருந்தின் வேகம் தளரும். கழுவுந் தொட்டியைச் சூடாக வைத்திராவிட்டால் தகடுகள் பனிக்கட்டிக்குள்ளே உறைந்துவிடும். கழுவியவற்றைத் தலைவரின் அறையிலே கொண்டுபோய் வைத்தார். மருந்திலும் குளிரிலும் அளைந்த விரல்கள் நகத்தோரங்களில் வெடித்துப் புண்ணாயின.

ஒக்டோபர் 27ஆந் திகதி, பனி நெரித்த கப்பலைக் கைவிட்டு யாவரும் பனிப்பரப்பில் இறங்கினர். தகடுகள் உள்ளேயே நீரில் மூழ்கிக் கிடந்தன. சில நாட்களின் பின் ஹேர்லி திரும்பிச் சென்று, சுவரை வெட்டித் திறந்து, மேலாடையைக் களைந்து, பனிக்கட்டி மிதக்கும் நீரில் அமிழ்ந்து பெட்டிகளை எடுத்தார். பற்றாசு வைத்து மூடியிருந்தமையால் தகடுகள் நனையவில்லை.

ஆயினும் அனைத்தையும் சுமந்து செல்ல இயலாது. படகுகளில் இடமில்லை, உணவே முதன்மையானது. ஷாக்கிள்டனும் ஹேர்லியும் பனியில் அமர்ந்து ஒவ்வொன்றாய் நோக்கினர். ஏறத்தாழ 120 தகடுகள் தெரிவாயின. ஏனைய 400ஐயும், பின்னர் மனம் மாற இடமின்றி, அங்கேயே உடைத்தனர். விரல் வெடிக்கக் கழுவிய கைகளே அவற்றை உடைக்கவும் நேர்ந்தது. பெரிய கமராக்களும் கைவிடப்பட்டன. சட்டைப்பைக்குள் அடங்கும் கொடாக் ஒன்றும் மூன்று படச்சுருள்களுமே ஹேர்லியிடம் எஞ்சின.

நவம்பர் 21ஆந் திகதி கப்பல் மூழ்கியது. தகடுகள் திறந்த படகிலே எலிபன்ட் தீவு சேர்ந்தன. 1916 ஓகஸ்ட் 30ஆந் திகதி சிலி நாட்டுக் கப்பலொன்று வந்து, அங்கு காத்திருந்தோரை மீட்டது. இரவிற் பிடித்த அந்தப் படமும் பிழைத்தது. எண்டியூரன்ஸ் கப்பலை மனிதர் மறுபடி கண்டது 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். 3,008 மீற்றர் ஆழத்தில், ஒளி எட்டாத கடலடியில் அது நிமிர்ந்தபடி இருந்தது.