கடல் கடந்த உறி



எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் குசேர் அல்-காதிம் என்றொரு பழந்துறை உண்டு. உரோமர் காலத்தில் அதன் பெயர் மியோசு ஓர்மோசு. அங்கிருந்து 120 கலங்கள் இந்தியாவுக்குச் செல்வதாக இசுட்ராபோ எனும் கிரேக்க அறிஞர் எழுதியுள்ளார். அத்துறையில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், இந்தியாவில் வனைந்த சேமக்கலம் ஒன்றின் ஓடுகள் கிடைத்தன. கலத்தின் இருபுறமும் ஒரே தொடர் தமிழ்-பிராமி எழுத்தில் கீறப்பட்டிருந்தது. ஐராவதம் மகாதேவன் அதனைப் ‘பானை ஒறி’ என்று படித்து, உறியில் தொங்கவிடும் பானை எனப் பொருள் கண்டார். 2007இல் இச்செய்தி வெளியாயிற்று.

அதே துறையில் கணன், சாதன் என்னும் பெயர்கள் முன்னரே கிடைத்திருந்தன. பெரெனிகே துறையில் 1995இல் கொற்றபூமான் என்னும் பெயர் கிடைத்தது. அவையெல்லாம் ஆட்பெயர்கள். இதுவோ அடுக்களைச் சொல். சுமார் ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு தமிழன் தன் வீட்டுப் புழங்குசொல்லை அயல்நாடு சென்ற கலத்தில் கீறி வைத்தான். அதுவும் பேசியபடியே கீறினான் போலும். உரலை ஒரல் என்றும் உலக்கையை ஒலக்கை என்றும் வழங்கும் நாவுக்கு உறி ஒறியாவது இயல்பே.

இச்சொல்லுக்கும் திருவில்லிபுத்தூருக்கும் உறவு உண்டு. கண்ணன் பிறந்த களிப்பில் ஆயர்கள் உறிகளை முற்றத்தில் உருட்டி ஆடியதைப் பெரியாழ்வார் பாடினார். பாலும் தயிரும் நெய்யும் இருந்த இடம் உறி. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் காற்றோட்டமாய்த் தொங்கிய அந்தக் கயிற்றுப் பின்னலே அன்றைய ஏழையின் பாதுகாப்புப் பேழை. ஆடும் மரக்கலத்திலும் அது பானையை உடையாமற் காத்திருக்கக் கூடும்.

திருவில்லிபுத்தூர் இன்றும் பாலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்ற ஊர். இராசபாளையம் நூற்பாலைகளின் ஊர். பாலும் உண்டு, நூலும் உண்டு. உறிதான் அடுக்களையை விட்டுப் போயிற்று. உறியடித் திருநாளில் மட்டும் அச்சொல் ஒலிக்கிறது. குதிர், குலுக்கை, மொடா, கலயம், சால் ஆகியவையும் அவ்வழியே செல்கின்றன. பொருள் போனபின் சொல்லைக் காக்க வல்லவர் கவிஞரே. ஆழ்வார் பாடியிராவிடில் ஆயர் முற்றத்தில் உருண்ட உறியை எவர் அறிவார்?

பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டத்தார், இரண்டு ஊர்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் முதியோர் வாயில் எஞ்சியிருக்கும் கலப்பெயர்களைக் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். அவற்றைத் தம் பாக்களில் ஆளவும் வேண்டும். எகிப்தின் மணல் ஒரு சொல்லை ஈராயிரம் ஆண்டு காத்துத் தந்தது. அச்சொல் பிறந்த மண் அதனினும் குறைவாகக் காத்தல் தகாது.