வாக்கு விலைபோன காலம்



பிரித்தானியப் பாராளுமன்றத்தைப் பாராளுமன்றங்களின் தாய் எனப் புகழ்வது உலக வழக்கு. அத்தாயின் பழைய கதையைப் பேசுவோர் சிலரே. இன்று நாம் அதனையே பேசப் புகுகின்றோம்.

1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன்னர், ஓல்ட் சாரம் என்னும் குடியற்ற மேடு இரண்டு அங்கத்தவரை அனுப்பிற்று. டன்விச் நகரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதன் இரு ஆசனங்களோ நனையாமல் இருந்தன! சீர்திருத்தம் இத்தகைய தொகுதிகளை ஒழித்தது. வாக்கு வாணிபத்தை ஒழிக்கவில்லை. இலஞ்சம் மலிந்தமையாற் சட்பரி 1844 இலும், சென்ற் ஆல்பன்ஸ் 1852 இலும் தம் பிரதிநிதித்துவத்தையே இழந்தன.

இவ்வாணிபம் செழித்தது எதனால்? வாக்காளன் எல்லோர் காதிலும் விழத் தன் வாக்கைச் சொல்லவேண்டும். எவர் எவருக்கு வாக்களித்தார் என்பதைப் புத்தகமாக அச்சிட்டார்கள். ஆகவே, காசு கொடுத்தவன் சரக்குக் கைக்கு வந்ததா என்று சரிபார்த்துக்கொண்டான். நிலப்பிரபுவும் தன் குடியானவன் எப்பக்கம் நின்றான் என்று பார்த்துக்கொண்டான். இலஞ்சமும் அச்சமும் ஒரே வாசலால் நுழைந்தன.

அவ்வாசலை அடைக்க இரகசிய வாக்கு வேண்டுமெனச் சாசன இயக்கத்தார் 1838 இலேயே கேட்டனர். வாக்கு ஒரு பொதுக் கடமை, அதனைப் பகிரங்கமாகவே செலுத்தவேண்டும் என்று பின்னாளில் வாதாடியவர் ஜோன் ஸ்டுவர்ட் மில். பேரறிஞர்தாம், ஆனால் அவர் எந்த நிலப்பிரபுவின் குடிசையிலும் வாழவில்லை. விக்டோரியாவும் தென் அவுஸ்திரேலியாவும் 1856 இல் வழிகாட்டின. பிரித்தானியா 1872 இற்றான் பின்தொடர்ந்தது. அதற்கு முன்பே, 1868 இல், தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் பொறுப்புச் சபையின் குழுக்களிடமிருந்து நீதிபதிகளுக்கு மாறியிருந்தது. தம்மவர் வழக்கைத் தாமே விசாரித்தால் நீதி எங்ஙனம் பிறக்கும்?

இத்தனைக்குப் பின்னும் 1880 ஆம் ஆண்டுத் தேர்தலிற் பணம் ஆறாக ஓடிற்று. சட்டத்துறை அதிபர் சேர் ஹென்றி ஜேம்ஸ் கொணர்ந்த 1883 ஆம் ஆண்டுச் சட்டமே அதன் கழுத்தை நெரித்தது. இங்கிலாந்தில், 2000 வாக்காளருக்கு மேற்படாத நகரத் தொகுதியில் 350 பவுணே செலவின் எல்லை. வாக்காளரைக் கூலி வண்டியில் ஏற்றலாகாது. இலஞ்சம் கொடுத்த அபேட்சகர் அத்தொகுதியில் மீண்டும் என்றுமே அங்கத்தவராக முடியாது. முகவர் கொடுத்தாலும் ஆசனம் பறிபோகும். அபேட்சகர்களுக்கே செலவு தாங்கமுடியாது போனமையும் இச்சட்டம் நிறைவேற ஒரு காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

எனினும் ஓர் ஓட்டை இருந்தது. தொகுதியில் அபேட்சகர் செலவிடுவதற்கே எல்லை. நாடளாவிக் கட்சி செலவிடுவதற்கு எல்லை 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பிறந்தது. இலங்கையில் 2023 இல் நிறைவேறிய தேர்தற் செலவினச் சட்டம் அபேட்சகர், கட்சி ஆகிய இரு தரப்பாரையும் கட்டுப்படுத்துகின்றது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.