வாசலில் ஒரு காவல்காரர்



"உருப்படியா ஏதாவது பேசுடா" என்பது சங்கச் செயலாளராக இருக்கும் நண்பரின் உத்தரவு. அதனால் என் வீட்டு மின்னஞ்சல் சர்வரைப் பற்றிப் பேசுகிறேன்.

2004 முதல் என் கடிதங்களை நானே பெற்று, நானே அனுப்பி வருகிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருள்தான் தபால்காரர். முதல் மாதமே லாட்டரி, மருந்து, கடன் என்று குப்பை குவிந்தது. இந்தத் தொல்லை புதிதல்ல. 1978-லேயே ஆர்ப்பாநெட்டில் ஒரு கம்ப்யூட்டர் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தடுக்க வழி உண்டு. ஒன்று, கிரேலிஸ்டிங். அறிமுகமில்லாத சர்வர் வந்தால் "இப்ப முடியாது, அப்புறம் வாங்க" என்று திருப்பிவிடுவது. முறையான சர்வர் மறுபடி வரும். குப்பைக்காரர்களில் பலர் வருவதில்லை. இன்னொன்று, ஸ்பேம்அசாசின். கடிதத்தைப் படித்து மார்க் போடும். 5 வாங்கினால் குப்பை. ஆமாம், இங்கே மார்க் அதிகம் வாங்கினவன்தான் ஃபெயில்!

நான் அதிபுத்திசாலியாக 5-ஐ 3 ஆக்கினேன். அதைத் தாண்டினால் சத்தமில்லாமல் அழித்துவிடச் சொன்னேன். பெட்டி பளிச்சென்று இருந்தது.

2009-ல் என் அறைத்தோழன், அப்பாவின் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு எழுதினான். அவசரம், பணம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். என் காவல்காரர் விழுங்கிவிட்டார். அனுப்பியவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேறு நண்பர்கள் உதவினார்கள், அப்பா பிழைத்தார். ஆனால் இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஒரு கல்யாணத்தில் கேட்டான்: "ஒரு வரி பதில் போட மனசு வரலியாடா?"

வீட்டுக்கு வந்து பழைய பதிவேட்டைத் தேடினேன். அவன் முகவரி, 3.4 மார்க், நீக்கப்பட்டது. அன்றிரவு தூக்கமில்லை.

இப்போது என் சர்வர் எதையும் ரகசியமாக அழிப்பதில்லை. சந்தேகமானால் தனிப் பெட்டி. தினம் ஒருமுறை நானே பார்ப்பேன். குப்பைதான் என்று நிச்சயமானால், வாங்கிக்கொள்ளாமல் வாசலிலேயே 550 என்று மறுப்பு. அப்போது அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லிவிடும். நிஜமான ஆளாக இருந்தால் போன் செய்வார்.

தம்பி தங்கைகளே, சர்வர் வைக்க ஆசையா? எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் சரியாக அமையுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் வீட்டில் உங்கள் கடிதமே குப்பை. வேண்டாததைத் தடுப்பது சுலபம். வேண்டியவரைத் தொலைக்காமல் தடுப்பதுதான் வேலை.

அந்த நண்பன் இதோ மூன்றாம் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறான்.