பில் போட்டாச்சு, காசு எங்கே?

(செங்கலடியில் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேராதனையில் தொடங்கும் ஏ-5 வீதி நுவரெலியா, பதுளை, பசறை, பிபிலை வழியாக இறங்கி இந்தச் செங்கலடியில்தான் முடிகிறது. மேலே கொழுந்து பறிக்கிற உங்களுக்கும், கீழே வயலையும் வாவியையும் நம்பி வாழும் எங்களுக்கும் ஒரு கஷ்டம் பொது. அரசாங்கத்துக்காக வேலையைச் செய்து கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருப்பதுதான் அது.

பாடசாலைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் அதைச் சமைத்துக் கொடுப்பது ஊர்த் தாய்மார்தான். 2024 இல் ஒரு சாப்பாட்டுக்கு 110 ரூபா என்று அரசாங்கம் நிர்ணயித்தது. 50 பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 5,500 ரூபா. 20 நாளைக்கு 110,000 ரூபா. மூன்று மாதம் பில் தேங்கினால் 330,000 ரூபா! இதை யார் சுமக்கிறது? கடைக்காரரின் கொப்பியும், அடகுக்கடையில் இருக்கிற தோடும்தான்.

சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், முன்பள்ளி நடத்தும் சங்கங்களுக்கும் காசு பிந்தினால் இதே கதிதான். கம்பெனிக்கு வங்கி கடன் கொடுக்கும். சங்கத்துக்கு யார் கொடுப்பார்? முதலில் தட்டிலிருந்து முட்டை போகும். பிறகு ஆசிரியைக்கான கொடுப்பனவு நிற்கும். கடைசியில் பிந்திய காசுக்கு வட்டி கட்டுவது பிள்ளையின் வயிறு.

ஏன் பிந்துது? வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவது ஒன்று. திறைசேரி கையில் காசாக விடுவிப்பது வேறொன்று. அந்தக் காசைக் கட்டுநிதி என்பார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நிறுத்தியபோது இந்த வித்தியாசம் எல்லோருக்கும் விளங்கியது. 2023 இல் உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒதுக்கிய பணமே விடுவிக்கப்படவில்லை. அதைத் தடுத்து வைக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் மார்ச் 3 ஆம் திகதி இடைக்கால உத்தரவு போட வேண்டி வந்தது.

பணக்கார ஊரிலும் இது நடக்கிறது. நியூயோர்க் நகரத்தில் தொண்டு நிறுவனங்களுக்குத் தேங்கிக் கிடந்த ஒப்பந்தப் பணம் 400 கோடி டொலருக்கும் மேலே. 2022 இல் தனிக் குழு அமைத்துத்தான் அதை விடுவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, அரச அலுவலகம் பொதுவாக 30 நாளுக்குள் காசு கொடுக்க வேண்டும், பிந்தினால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2011 இலேயே விதி செய்துவிட்டார்கள்.

தோட்டத்தில் 10 ஆம் திகதி சம்பளம் போடாவிட்டால் நாம் சும்மா இருப்போமா? இதிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். பில்லைக் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "காசு எப்போ வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பில் அத்தாட்சிப்படுத்தியாச்சா? கணக்குக் கிளைக்குப் போய்ச்சா? கட்டுநிதி வந்திச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பில் எந்த மேசையில் நிற்கிறது என்று அப்போது தெரியும். பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கவுண்டரில் இருக்கிற தம்பியோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அவர் கையிலும் காசு இல்லை. தனியாகப் போகாமல் பத்துச் சங்கம் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள்.

இது நாம் கேட்கும் தருமம் அல்ல. செய்து முடித்த வேலைக்கான கூலி.