தொண்டு நிறுவனத்தில் சங்கம் எதற்கு?

(ஒக்கலிபுரத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வே சங்கத்தாராகிய எங்களைப் பேச அழைத்தால் பஞ்சப்படியைப் பற்றித்தான் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அது வேண்டாம். நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் இந்த ஊருக்கு வந்து பின்னி மில்லிலும் ரயில் பாதையிலும் கட்டட வேலையிலும் சேர்ந்தார்கள். அவர்களுடைய பேத்திகளில் சிலர் இப்போது தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசும் பெண் என்றால் அந்த நிறுவனங்களுக்கு மிகவும் வேண்டும். குடிசைப் பகுதிக்குள் நுழைந்து, குழந்தைகளின் எடை பார்த்து, தாய்மாரிடம் கணக்கெடுத்து, மாலையில் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். பணமும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, பெயர்ப் பலகையும் வெளிநாட்டுப் பெயர். ஆனால் அந்தப் பெண்ணின் கையிலுள்ள தாளில் ‘தன்னார்வலர்’ என்றும், சம்பளத்துக்குப் பதில் ‘மதிப்பூதியம்’ என்றும் எழுதியிருக்கிறது. பதினொரு மாதம் முடிந்தால் சில நாள் இடைவெளி விட்டு, பிறகு புதிய தாள் தருகிறார்கள். இப்படி ஆறு தாள் வைத்திருக்கும் ஒரு பெண்ணை நாங்கள் அறிவோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

சங்கம் வையுங்களம்மா என்று சொன்னால் அந்தப் பெண் கேட்கிறாள்: “அண்ணா, இது கம்பெனி இல்லையே, தர்ம காரியம். இதில் சங்கம், கோரிக்கை என்று இறங்கினால் ஏழைகளுக்குப் போகும் பணத்தில் கை வைத்ததாக ஆகாதா?”

நல்ல மனமுள்ளவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். இதற்கான விடை இதே பெங்களூரிலிருந்து போன ஒரு வழக்கில் கிடைத்தது. நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் விடுகிற குடிநீர் வாரியம் ராஜப்பா முதலிய தன் ஊழியர்களுக்கு அபராதம் விதித்து, அந்தத் தொகையைப் பிடித்தம் செய்தது. எங்களை முறையாக விசாரிக்கவில்லை என்று அவர்கள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாரியம் என்ன சொன்னது? “நாங்கள் லாபத்துக்குத் தொழில் நடத்தவில்லை. மக்களுக்கு அரசாங்கக் கடமையைச் செய்கிறோம். தொழில் தகராறுச் சட்டம் எங்களைத் தொடாது” என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் முன்பு போய் நின்றது. 1978 பிப்ரவரி 21 அன்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைக்கான தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்.

முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து, ஒழுங்கான முறையில், மக்களுக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ தருகிறார்களா? அப்படியானால் அது தொழில்தான், லாபம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. மருத்துவமனை, கல்விக்கூடம், தர்ம ஸ்தாபனம் எல்லாம் அதற்குள் வந்தன. தர்ம ஸ்தாபனங்களைப் பற்றி நீதிபதி தனியாகவே ஆராய்ந்தார். கூலி வாங்காமல் மனம் உவந்து உழைப்பவர்கள் நடத்தும் அறப்பணி வேறு என்று விலக்கு வைத்தார். கூலிக்கு ஆள் வைத்து, ஏழைக்கு இலவசமாகக் கொடுக்கும் ஸ்தாபனத்தை விடவில்லை. அங்கே தர்மம் செய்பவர் நிர்வாகி, பெறுபவர் ஏழை. நடுவில் நின்று வேலை செய்கிறவர் வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர். நிர்வாகியின் புண்ணியத்துக்கு இவர் ஏன் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும்? அந்தப் பெண்ணுக்கும் நாங்கள் இதையே சொன்னோம்.

இந்த வெற்றியை நிலைக்க விடவில்லை. 1982இலேயே தர்ம ஸ்தாபனங்களையும் மருத்துவமனைகளையும் விலக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்த விலக்கை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்தார்கள். பிறகு 2020இல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதில் தர்மம், சமூக சேவை ஆகியவற்றை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ செய்யும் அமைப்புகளின் நிறுவனங்கள் ‘தொழில்’ என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. குடிநீர் வாரியத்தின் சாதாரண ஊழியர்கள் போராடிப் பெற்றுக்கொடுத்தது 47 ஆண்டுகளுக்குப் பின் நம் பெண்கள் கையிலிருந்து பறிபோயிற்று. பத்திரிகைகளில் இதைப் பற்றி எத்தனை வரி வந்தது என்று நீங்களே பாருங்கள்.

அப்படியானால் வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களில் எப்படி? அங்கே சங்கம் இல்லையென்று எண்ணாதீர்கள். ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஊழியர்கள் 1920இலேயே தங்களுக்குச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். உலகத் தொழிலாளிக்குச் சட்டம் எழுதுகிற அலுவலகத்துக்கே சங்கம் தேவைப்பட்டது! ஐக்கிய நாடுகள் சபையும் அதன் கிளைகளும் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. நம் நாட்டிலும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆகவே தகராறுகளைத் தீர்க்க அவர்களுக்குள்ளேயே தனி மன்றங்கள் உண்டு. ஜெனீவாவில் உயர்நிலை ஊழியரின் சம்பளத்தைக் குறைத்தபோது அவர்கள் வேலையை நிறுத்தி எதிர்த்தார்கள், மன்றத்துக்கும் போனார்கள். அந்தக் குறைப்பு செல்லாது என்று 2019 ஜூலையில் தீர்ப்பு வாங்கினார்கள்.

அது மேல்தட்டில் உள்ளவர்களின் கதை. நாடு விட்டு நாடு போகும் அதிகாரிக்கு, உலகில் மிக நல்ல சம்பளம் தரும் அரசாங்கத்தின் சம்பளம் அளவுகோல். உள்ளூரில் எடுக்கப்படும் எழுத்தருக்கும் டிரைவருக்கும் அந்த ஊரில் நல்ல சம்பளம் எவ்வளவோ அதுதான் அளவுகோல். சம்பளம் இரண்டு வகையாக இருப்பதற்குக்கூட ஏதாவது நியாயம் சொல்லிவிடலாம். ஆனால் ஆபத்து வரும்போதும் ஊழியர் இரண்டு வகை ஆகிவிடுகிறார்களே, அதற்கு என்ன நியாயம்?

மூதூரை நினைத்துப் பாருங்கள். இலங்கையின் திருகோணமலை மாவட்டம். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ‘பட்டினிக்கு எதிரான நடவடிக்கை’ என்ற நிறுவனம் அங்கே குடிநீர், சுகாதார வேலைகளைச் செய்துவந்தது. 2006 ஆகஸ்டு முதல் நாட்களில் அரசுப் படைக்கும் புலிகளுக்கும் அங்கே சண்டை மூண்டது. நிறுவனத்தின் 17 ஊழியர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நான்கு பேர் பெண்கள். அலுவலகத்தை விட்டு நகர வேண்டாம், அங்கேயே பத்திரமாக இருங்கள் என்று மேலிடம் சொன்னது. இருந்தார்கள். ஆகஸ்டு 4 அன்று அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை உடம்பில் இருந்தபடி, பெரும்பாலோர் முகம் குப்புறக் கிடந்தார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரசுப் படையினரே பொறுப்பு என்றது. அரசு மறுத்தது. ஜனாதிபதி விசாரணைக் குழு 2009இல் ராணுவத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

சங்கம் இருந்திருந்தால் அந்தத் துப்பாக்கிகளைத் தடுத்திருக்குமா என்று கேட்பீர்கள். தடுத்திருக்காது. ஆனால் சண்டை வரும் ஊருக்கு ஆளை அனுப்பலாமா, அனுப்பினால் எப்போது, எந்த வண்டியில், எந்தப் படகில் திருப்பி எடுப்பது, போகமாட்டேன் என்று உள்ளூர் ஊழியர் சொன்னால் அவருடைய வேலை நிலைக்குமா என்பவற்றை அமைதியான காலத்திலேயே நிர்வாகத்துடன் உட்கார்ந்து எழுதி வாங்கியிருக்கலாம். தனி ஆளாக ஒரு எழுத்தரோ குழாய் வேலைக்காரரோ அதைக் கேட்க முடியாது. இரண்டு ஆண்டு கழித்து, 2008 செப்டம்பரில், அரசு உத்தரவின்பேரில் ஐ.நா. அதிகாரிகள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். உள்ளூர் ஊழியர் பலர் குடும்பத்தோடு உள்ளே நின்றுவிட்டார்கள். குடும்பத்தை வெளியே விடப் புலிகள் மறுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் உள்விசாரணைக் குழுவே 2012இல் எழுதியது.

சமீபத்திய கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டை 2025இல் கலைத்தபோது அமெரிக்க ஊழியர்களின் சங்கங்கள் பிப்ரவரியிலேயே வழக்குத் தொடுத்தன. முதலில் தடையுத்தரவு கிடைத்தது. அதே மாதத்தில் தடை நீங்கியது, தோற்றார்கள். ஆனாலும் நீதிமன்றத்தில் நின்று வாதாட அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வேலை இழந்த பிற நாட்டு உள்ளூர் ஊழியர்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினரே அல்லர்.

உள்ளூர்க்காரர்களால் சங்கம் நடத்த முடியாது என்று யாராவது சொன்னால் பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்தைக் காட்டுங்கள். அங்கே ஆசிரியர், மருத்துவ ஊழியர், துப்புரவுத் தொழிலாளி பெரும்பாலோர் அகதிகளே. 2023இல் மேற்குக் கரையில் சம்பளத்துக்காக மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாதிக்கப்பட்டது யார்? அகதிப் பிள்ளைகள். இதை மறைத்துப் பேச மாட்டோம். நாங்களும் இதே குற்றச்சாட்டைக் கேட்டவர்கள். 1974 மே 8 தொடங்கி 20 நாள் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது, நாடே பட்டினி கிடக்கும் என்று வானொலியில் சொன்னதாக எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். வேலைநிறுத்தம் கடைசி ஆயுதம்தான். தொண்டு வேலையில் அதை எடுக்க இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். ஆனால் கடைசி ஆயுதத்தைக் காட்டி முதல் படியே ஏறவிடாமல் செய்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் ஏற்க முடியாது. மனு கொடுப்பதும், பேச்சுவார்த்தைக்கு உட்கார்வதும், கணக்குக் கேட்பதும் எந்த ஏழையின் வாயில் மண்ணைப் போடும்?

புதிய சட்டத் தொகுப்பு வாசலை மூடினாலும் சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும். தர்ம ஸ்தாபனம் என்ற பெயரைச் சொல்லி மட்டும் இதிலிருந்து நழுவ முடியாது. ஆகவே உங்கள் வீட்டுப் பெண்களிடமும் பையன்களிடமும் இன்று இரவே கேளுங்கள்: நியமனத் தாள் எத்தனை இருக்கிறது, அதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது, வைப்பு நிதி எண் உண்டா, வேலை நேரத்தில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு? பழைய தாள் எதையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், தொடர்ந்து வேலை பார்த்ததற்கு அதுதான் சாட்சி. ஒரே நிறுவனத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தால் சேர்ந்தே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் இருப்போம். தாள்களை வரிசையாக அடுக்கிப் படித்துப் பார்ப்போம், மனு எழுதுவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.