ஸ்கேனுக்கு முன் ஒன்றரை லிட்டர்



குடல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போது, "வெறும் வயிற்றோடு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். அங்கே போய் உட்கார்ந்ததும் ஒரு பெரிய பாட்டில் கைக்கு வரும். "கொஞ்சம் கொஞ்சமா குடிச்சு முடிங்க, ஒரு மணி நேரத்தில் கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். பாட்டிலில் என்ன இருக்கிறது, எதற்காக இவ்வளவு, குடிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவர் நான்கு பேரைத் தாண்டியிருப்பார். ஏற்கெனவே வயிற்று வலியோடும் குமட்டலோடும் வந்திருப்பவருக்கு, ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை எதையோ குடித்தாக வேண்டும் என்பது சின்ன விஷயமல்ல. இந்தக் குடிப்பைக் கொஞ்சம் எளிதாக்கிக்கொள்வது எப்படி என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தவர்கள் நிம்மதியாகக் குடிக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை.

நம் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். வாய் வழியாகச் செய்யும் எண்டோஸ்கோப்பி, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் வாசலோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியாகச் செய்யும் கொலோனோஸ்கோப்பி, பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டுச் சிறுகுடலின் கடைசிப் பகுதியைச் சற்றே எட்டிப் பார்க்கும். இடையில் கிடக்கும் மீட்டர் கணக்கான குடல் இரண்டுக்கும் எட்டாது. அங்கே புண்ணோ வீக்கமோ அடைப்போ இருந்தால் கண்டுபிடிக்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரிதும் உதவுகிறது.

நம் நாட்டில் இந்தப் படம் தெளிவாக விழுவதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. வலப்பக்க அடிவயிற்றில், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் இரண்டு நோய்கள் அடிக்கடி வந்து உட்காருகின்றன. ஒன்று குடல் காசநோய். மற்றது க்ரோன் நோய். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பணியாற்றிய பெரில் க்ரோனும் உடன் இருந்த இரண்டு மருத்துவர்களும் 1932-இல் விவரித்து எழுதியதால் அதற்கு அந்தப் பெயர். வலி, எடை குறைவு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், பேதி என்று இரண்டும் ஒரே முகத்தோடு வரும். சிகிச்சையோ நேர்மாறானது. காசநோய்க்கு மாதக்கணக்கில் கிருமியைக் கொல்லும் மாத்திரைகள். க்ரோனுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மருந்துகள். காசநோய் உள்ளவருக்கு அந்த இரண்டாவது மருந்தைக் கொடுத்துவிட்டால் நோய் பரவிவிடும். ஸ்கேன் மட்டும் இதைத் தீர்த்துச் சொல்லிவிடாது. சதைப் பரிசோதனையும் மற்ற சோதனைகளும் வேண்டும். ஆனாலும் குடலின் எந்தெந்த இடம் தடித்திருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது, பக்கத்தில் நெறிகட்டி எப்படி இருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பது இந்தப் படத்தில்தான்.

அதற்கு ஏன் ஒன்றரை லிட்டர்? வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் சுருட்டுக் குழாயை எண்ணிப் பாருங்கள். மோட்டார் ஓடாதபோது அது தட்டையாக மடிந்து கிடக்கும். எங்கே கிழிசல், எங்கே ஒட்டு என்று தெரியாது. தண்ணீர் ஏறி விரிந்தால்தான் தெரியும். குடலும் அப்படித்தான். காலியாகச் சுருங்கிக் கிடக்கும் நல்ல குடல்கூட ஸ்கேனில் தடித்த குடலைப் போலத் தெரியக்கூடும். உண்மையில் தடித்திருப்பது சுருக்கத்துக்குள் மறைந்தும் போகலாம்.

"அப்படியானால் வெறும் தண்ணீரே போதுமே?" என்று கேட்கலாம். தண்ணீரைக் குடல் வழியிலேயே உறிஞ்சிவிடும், கடைசிப் பகுதி வரை போய்ச் சேராது. அதனால்தான் உறிஞ்சப்படாமல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் அது மானிட்டால். லேசான தித்திப்பு இருக்கும். மூளை வீக்கத்தைக் குறைக்க நரம்பு வழியாக ஏற்றுவதும் இதே மானிட்டால்தான். பாட்டில் லேபிளைப் படித்துவிட்டுச் சிலர் பதறிப்போகிறார்கள். பதற வேண்டாம், குடிக்கும்போது அது தண்ணீரில் நன்றாக நீர்த்துக் குடலுக்குள்ளேயே வேலை செய்கிறது. பெரும்பகுதி உடலில் சேராது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தித்திக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை, ஆனால் நோய் இருப்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் அயோடின் கலந்த மருந்தைச் சிறிதளவு ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றித் தருவார்கள். அது சற்றுக் கசக்கும். பேரியம் என்றால் வெள்ளையாக, மாவு கலந்தது போல இருக்கும். சாதாரண வயிற்று சி.டி.க்கு வெறும் தண்ணீரோடு முடித்துக்கொள்வதும் உண்டு.

இந்த இடத்தில் பலர் குழப்பிக்கொள்வதைச் சொல்ல வேண்டும். கொலோனோஸ்கோப்பிக்கு முன் குடிக்கிற மருந்து குடலைக் கழுவி வெளியேற்றுவதற்கு. ஸ்கேனுக்கு முன் குடிப்பது குடலை நிரப்புவதற்கு. கழுவும் மருந்தைக் குடித்து அவஸ்தைப்பட்டவர்கள் இதையும் அப்படியே நினைத்துப் பயப்படுகிறார்கள். முன்பெல்லாம் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அதைச் சிறுகுடல் வரை இறக்கி, ஸ்கேனுக்கான மருந்தைச் செலுத்துவார்கள். இன்றும் சிலருக்கு அது தேவைப்படுகிறது. வாயால் குடித்தாலே போதும் என்று ஆனது நோயாளிகளுக்குப் பெரிய விடுதலை.

இனி பயத்தைப் பற்றி. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, இந்தப் பாட்டிலோடு நேரடித் தொடர்புள்ள கதை. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், விலங்குகளின் இரையில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, அது இரைப்பைக்கும் குடலுக்கும் போவதை எக்ஸ்ரேயில் பார்க்கத் தொடங்கினார். இன்று நாம் குடிக்கும், குடலைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு அதுதான் முன்னோடி. பிஸ்மத் சிலருக்கு நஞ்சாக முடிந்ததால், 1910 வாக்கில் ஜெர்மனியில் பேரியம் சல்பேட் அதன் இடத்தைப் பிடித்தது.

கேனன் பூனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். பூனை மிரண்டாலோ கோபப்பட்டாலோ இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுபோனது. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினால் மீண்டும் அசையத் தொடங்கியது. அந்த ஒரு கவனிப்பிலிருந்து, பயமும் கோபமும் உடலை என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சியில் அவர் பல ஆண்டுகள் இறங்கினார். 1915-இல் புத்தகமாகவும் எழுதினார்.

மனிதருக்கும் இது பொருந்தும். பயத்தோடு குடித்தால் மருந்து இரைப்பையிலேயே தேங்கும். தேங்கினால் வயிறு உப்பும், ஓங்கரிக்கும். ஓங்கரித்தால் பயம் கூடும். ஆகவே நோயாளியோடு நிதானமாக ஒரு நிமிடம் பேசுவதும் சிகிச்சையின் பகுதிதான். ஸ்கேன் மையங்களில் வேலை செய்கிறவர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்குள்ள வேலை நெருக்கடி தெரிந்தேதான் இந்த ஒரு நிமிடத்தைக் கேட்கிறேன்.

குடிக்கிற முறைக்கு வருவோம். ஒன்றரை லிட்டர் என்று மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொல்லை தீரட்டும் என்று முதல் பத்து நிமிடத்தில் மொத்தத்தையும் குடித்தால் வாந்தி வந்துவிடலாம். முக்கால் மணி நேரம் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசியில் அவசரமாகக் குடித்தால், மேல்குடல் நிரம்பி, மருத்துவர் பார்க்க விரும்பும் கீழ்ப்பகுதி காலியாகக் கிடக்கும். அவர்கள் ஒரு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வாட்ச்சைப் பார்த்துச் சொல்வதற்குக் கூட வந்தவரை வைத்துக்கொண்டால் உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

குளிர்ச்சியாகத் தர முடியுமா என்று கேளுங்கள், குளிர்ந்தால் சுவை மங்கும். ஸ்ட்ரா இருந்தால் நாக்கின் பின்பக்கமாக வைத்து உறிஞ்சலாம். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் பழைய சுவை அடுத்த வாய்க்கு வராது. பஸ் பயணத்தில் எலுமிச்சம் பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே போவோமே, அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும். முகர்வதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. ஆனால் சாற்றைப் பிழிந்து மருந்தில் கலக்க வேண்டுமானால் கேட்டுவிட்டுத்தான் கலக்க வேண்டும். பாலோ காபியோ கூடவே கூடாது. ஒரே இடத்தில் குனிந்து உட்காராமல், இடையிடையே எழுந்து வராந்தாவில் நடங்கள். நடக்க முடியாதவர்கள் வலப்பக்கமாகச் சற்று ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பையிலிருந்து மருந்து இறங்குவது எளிதாகும். பாவாடை நாடாவையும் பேண்ட் பெல்ட்டையும் தளர்த்திக்கொள்ளுங்கள். குமட்டல் தாங்கவில்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடரவும் சொல்வார்கள்.

குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து அளவு குறைப்பார்கள். மிரட்டிக் குடிக்க வைக்காதீர்கள். கேனனின் பூனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. வாந்தியோடு வயிறு உப்பி, காற்றுக்கூடப் பிரியாமல் இருக்கிறதா? அடைப்பு இருக்கலாம், குடிக்காதீர்கள், முதலில் மருத்துவர் பார்க்கட்டும். கர்ப்பம் என்றால் அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் இருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடக்கூடும். அன்றைய ஊசியை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். நரம்பு வழியாகவும் ஒரு மருந்து ஏற்றுவார்கள் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும், கிரியாட்டினின் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள். சி.டி.யில் அயோடின் கலந்த அந்த ஊசி ஏறும்போது உடம்பெங்கும் ஒரு சூடு பரவும், சிறுநீர் பிரிந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். பிரிந்திருக்காது, சில நொடிகளில் அடங்கிவிடும். இறாலும் நண்டும் தின்றால் அரிப்பு வருகிறவர்களுக்கு அயோடின் ஊசி ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்த அரிப்புக்குக் காரணம் இறாலில் உள்ள புரதம், அயோடின் அல்ல. ஆனால் முன்பு எப்போதாவது ஸ்கேன் ஊசியாலேயே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், அதைச் சொல்லாமல் ஸ்கேனுக்குப் படுக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் குடலின் அசைவை நிறுத்த இன்னொரு ஊசியும் போடுவதுண்டு, கண்ணில் கிளாக்கோமா உள்ளவர்கள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் எந்த உலோகமும் போகக் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராமல் கடைசி நிமிடத்தில் தவிப்பவர்கள் உண்டு. வீட்டிலேயே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிட்டால் அந்தத் தவிப்பு இல்லை. அதைவிட முக்கியம், சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள். இரும்பு ஊக்கைக் காந்தம் இழுத்துவிடும். புடவையில் குத்தியிருப்பதையும் எண்ணிக் கழற்றுங்கள்.

ஸ்கேன் முடிந்தபின் மானிட்டால் தன் வேலையைக் காட்டும். வயிறு இரையும், பேதி போகும், சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முடிந்ததும் ஓடிப்போய் பஸ் ஏறாதீர்கள். கழிப்பறைக்கு அருகிலேயே ஒரு மணி நேரமாவது இருந்துவிட்டுக் கிளம்புங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோ மோரோ குடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குடியுங்கள். பேரியம் குடித்தவர்களுக்கு மலம் வெள்ளையாகப் போகும், கட்டிப்போகவும் செய்யும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கடும் வலியோ, நிற்காத வாந்தியோ, மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் தாமதிக்காமல் அதே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முடியாதபோது சிலர் மீதியைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, "குடிச்சிட்டேன்" என்று காலி பாட்டிலைக் காட்டுகிறார்கள். திட்டு வாங்கக் கூடாதே என்ற பயம்தான் காரணம், எனக்கு அது புரிகிறது. ஆனால் படத்தைப் பார்க்கும் மருத்துவர், குடல் முழுவதும் நிரம்பியிருக்கிறது என்ற நம்பிக்கையோடு பார்ப்பார். அங்கே சுருங்கிக் கிடக்கும் நல்ல குடலை நோயென்று அவர் நினைத்தாலும் கெடுதல் உங்களுக்கு, நோயைத் தவறவிட்டாலும் கெடுதல் உங்களுக்கு. பாதிதான் குடித்தேன் என்று சொன்னால் அதற்கேற்ப இன்னும் சற்றுக் காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது குடித்த அளவை மனதில் வைத்துப் படத்தைப் படிப்பார்கள். பாதி குடித்ததற்கும் பயன் உண்டு. எவ்வளவு குடித்தீர்களோ அவ்வளவை, வாந்தி எடுத்திருந்தால் அதையும் சேர்த்து, ஸ்கேன் மேஜையில் படுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்.